அம்பிளிக்கையில் இருந்து புறப்பட்ட நர்ஸம்மாக்கள்

ஒட்டன்சத்திரம் என்றதும் நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தை. முருங்கையும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற ஊர். அதற்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கையை, திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டினால் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் ஏழை நாடுகளில் புற்றுநோயைத் தடுப்பது பற்றி எங்கே பாடம் நடந்தாலும் திண்டுக்கல் பெயர் ஒருமுறையாவது வந்துவிடும். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுதான் அதற்குக் காரணம்.

அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை கைகோத்த ஆய்வு அது. டாக்டர் ஆர்.சங்கரநாராயணனும் அம்பிளிக்கையின் டாக்டர் ஆர்.ராஜ்குமாரும் அதை நடத்திய குழுவின் முக்கியமானவர்கள். மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைத் தேடிப் போய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதி 57-ல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். ஏழு ஆண்டுகள் கண்காணித்ததில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன. 30-களில் இருந்த பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம். அவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

இத்தனையையும் சாதித்த கருவி, நீர்த்த அசிட்டிக் அமிலம். சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற நர்ஸ்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென வந்து நிற்கிற நோய் இல்லை. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவு மூலம் தொற்றுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு வாழ்வில் எப்போதாவது தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய வைரஸ் கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு ஸூர் ஹாசெனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. பத்து வருட அவகாசம் கொடுக்கிற புற்றுநோய்கள் மிகச் சில. அந்த அவகாசத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட்டால், மாறிய திசுவை உறைய வைத்தோ சுட்டோ நீக்கிவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, ரேடியேஷன் வேண்டியதில்லை.

அப்படியும் 2020-ம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 1.24 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. 77 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலோ நகரத்தின் குடிசைப் பகுதியிலோ வாழ்ந்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள். கடைசி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்கள்.

மேலை நாடுகள் இந்த நோயைக் கட்டுப்படுத்தியது பேப் ஸ்மியர் பரிசோதனையால். கர்ப்பப்பை வாயில் இருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, ஆய்வகத்துக்கு அனுப்பி, பயிற்சி பெற்ற ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். வந்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மறுபடி வரச் சொல்ல வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மொத்த முயற்சியும் வீண். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதை நாடு முழுக்கச் செய்ய இந்தியாவில் ஆய்வகமும் இல்லை, ஆளும் இல்லை.

வி.ஐ.ஏ. எனப்படும் அசிட்டிக் அமிலப் பரிசோதனை இந்தச் சங்கிலியை வெட்டிச் சுருக்குகிறது. பெண்ணைப் படுக்க வைத்து, ஸ்பெகுலம் பொருத்தி, நல்ல வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயில் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். மாறிய செல்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அவை உறைந்து, பாலாடை படிந்ததுபோல வெள்ளைத் திட்டாகத் தெரியும். அவ்வளவுதான். முடிவு அங்கேயே, அப்போதே. தகுதியானவர்களுக்கு அதே வருகையில் கிரையோதெரபி கொடுக்கலாம்: மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். திண்டுக்கல்லில் இதையும் நர்ஸ்களே செய்தார்கள்.

பரிசோதனை எளிது. அதற்குப் பெண்களைக் கொண்டுவருவதுதான் எளிதில்லை.

வீட்டு வாசலில் நின்று இதைப் பேசிப் பார்த்த எந்தக் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டாலும், கிடைக்கிற பதில்களை ஒப்பிக்கிறார்கள். “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?” என்பது முதல் பதில். அதில் தப்பில்லை. நோய் வந்தால்தான் ஆஸ்பத்திரி என்று வளர்ந்தவர்களிடம், நோய் இல்லாதபோதே வா என்பது விசித்திரமான அழைப்பு. அடுத்தது, “வெள்ளைப்படுறது உடம்புச் சூடுதான், வெந்தயம் ஊற வெச்சு சாப்பிட்டா சரியாயிடும்.” பிறகு, “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்.” அவரோ மாமியாரோ வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது. “பார்க்குறது ஆம்பள டாக்டரா?” என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படுவது குறைவு, ஆனால் முகாமுக்கு வராமல் போவதில் அதற்குப் பங்குண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு: ஒரு நாள் முகாமுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் முகாம் வைத்துவிட்டு “பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை” என்று அறிக்கை எழுதுவது சுலபம். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பேசுவது, மகளிர் குழு கூடும் மாலையில் போய் உட்கார்வது, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்த்து அழைப்பது என்று களத்தில் இருப்பவர்கள் கண்டுபிடித்த வழிகள் வேறு.

கணவனை இழந்தவர்கள் சொல்லும் பதில் தனி ரகம். “அவரு போய்ப் பத்து வருசமாச்சு, இனிமே எனக்கெதுக்கு இது?” வைரஸுக்கு இந்த நியாயம் புரியாது. 35 வயதில் தொற்றியது 50 வயதில் புற்றாக எழலாம். மகாராஷ்டிராவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தனியாகவே அலசியிருக்கிறார்கள். இளையவர்கள், படித்தவர்கள், கணவரோடு வாழ்பவர்கள், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் அதிகம் வந்தார்கள். அதாவது ஏற்கெனவே ஏதோ ஒரு காரணத்துக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள். வயது கூடியவர்களும் தனித்து வாழ்பவர்களும் பின்தங்கினார்கள். நோய் முற்றும் வயதில் இருப்பவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

திண்டுக்கல்லில் அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவிகிதம். ஊருக்குள்ளேயே பரிசோதனை, இலவசம், பார்ப்பது பெண் நர்ஸ். இத்தனை இருந்தும் ஏறக்குறைய 18 ஆயிரம் பெண்கள் வரவில்லை. மரணம் 35 சதவிகிதம் குறைந்தது என்ற கணக்கு இந்த 18 ஆயிரம் பேரையும் சேர்த்துத்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களும் வந்திருந்தால் எண் எங்கே போயிருக்கும்?

இன்னொரு எண்ணும் கவனிக்கத்தக்கது. பரிசோதனையில் சந்தேகத்துக்கு உள்ளான 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி பரிசோதனை நடந்துவிட்டது. ஏறத்தாழ 99 சதவிகிதம். அதே இடத்தில், அதே வருகையில் முடித்ததன் பலன் இது. ஆனால் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருப்பதாக உறுதியான 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவிகிதம்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இடையில் நழுவிவிட்டார்கள். கையோடு முடிந்தது நடந்தது, “அப்புறம் வா” என்றானது நழுவியது. இந்தத் துறையின் அத்தனை ஆய்வுகளையும் புரட்டினாலும் இதைவிட உபயோகமான பாடம் கிடைப்பது சந்தேகம்தான்.

மும்பையிலும் இதே கதைதான். டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில் பரிசோதித்தவர்கள் நர்ஸ்கள்கூட இல்லை. பத்தாவது படித்த பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் நான்கு சுற்று. சுமார் 75 ஆயிரம் பெண்கள் அழைக்கப்பட்டார்கள், 89 சதவிகிதம் பேர் வந்தார்கள். சந்துக்குள்ளேயே போய்க் கூப்பிட்டால் கூட்டம் வரும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் சந்தேகத்துக்குரியவர்களை மருத்துவமனைக்குப் போகச் சொன்னபோது ஐந்தில் ஒருவர் போகவில்லை. அத்தனை பெரிய ஆஸ்பத்திரி அதே நகரத்தில் இருக்கிறது! ஆனாலும் மரணம் 31 சதவிகிதம் குறைந்தது. 2013-ல் சிகாகோவில் நடந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்க மாநாட்டின் பிரதான மேடையில் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி இந்த முடிவை வாசித்தபோது உலகப் பத்திரிகைகள் அதை வினிகர் அதிசயமாகக் கொண்டாடின.

அதிசயம் என்று சொல்வதற்கு முன் மகாராஷ்டிராவின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். அங்கே 1.31 லட்சம் பெண்களை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹெச்.பி.வி. மரபணுப் பரிசோதனை, ஒன்றுக்குப் பேப் ஸ்மியர், ஒன்றுக்கு வி.ஐ.ஏ., ஒன்றுக்கு எதுவுமில்லை என்று வைத்தார்கள். 2009-ல் வந்த முடிவில் ஹெச்.பி.வி. பரிசோதனைப் பிரிவில் மட்டும் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒருமுறை மட்டும் செய்த வி.ஐ.ஏ. அங்கே மரணத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. காரணத்தை ஊகிக்க முடியும். வி.ஐ.ஏ. பார்ப்பவரின் கண்ணை நம்பியது. ஒருவருக்கு வெள்ளைத் திட்டு, இன்னொருவருக்கு வெறும் புண். பயிற்சி தளர்ந்தால் பரிசோதனையும் தளரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மாற்றம் நிகழும் பகுதி உள்ளே சென்று மறைந்துவிடுவதால் இந்த முறை அவ்வளவாகப் பயன்படாது. மலிவான சோதனைக்கு மலிவான பயிற்சி போதும் என்று நினைத்தால், செலவழித்த காசும் பெண்களின் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

உஸ்மானாபாத் ஆய்வின் களப்பணியைத் தாங்கியது பார்சி என்ற ஊரின் நர்கிஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. 1987-ல் இந்தியாவின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது பார்சியில்தான். நகரத்தில் பதிவேடு என்றால் மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டினால் போதும். கிராமத்தில் ஆஸ்பத்திரிக்கே வராத நோயாளியை எங்கே தேடுவது? பணியாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பஞ்சாயத்து ஆட்களிடமும் பெண்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள், இந்த அறிகுறி யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்தார்கள். நோயாளிகளை எண்ணுவதற்காகப் போட்ட திட்டம் அது. சில ஆண்டுகளில் ஒன்றைக் கவனித்தார்கள்: அந்த ஊர்ப் பெண்கள் முன்பைவிட ஆரம்ப நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். எந்தப் பரிசோதனையும் நடத்தாமல், வெறும் பேச்சுக்கே அந்தப் பலன்.

இந்த மூன்று ஆய்வுகளின் மேலும் ஒரு நிழல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்கள் மூன்று இடங்களிலும் சேர்த்து 1,38,624 பேர். அவர்களில் 254 பேர் இந்த நோயால் இறந்தார்கள். பரிசோதனை உயிர் காக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது இப்படி ஒரு பிரிவை ஏன் வைத்தீர்கள் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா கேட்டார், இந்திய மருத்துவ அறநெறி இதழில் அது பெரிய விவாதமானது. பரிசோதனையே இல்லாததுதான் அன்றைய இந்தியாவில் வழக்கமான நிலை, அந்தப் பெண்களுக்கும் நோய் பற்றிச் சொல்லிக்கொடுத்தோம் என்பது ஆய்வாளர்களின் பதில். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எழுதிவிட்டு நகர்வது வசதி. ஆனால் ஆய்வில் சேர்ந்த எழுத்தறியாத ஒரு பெண்ணுக்கு, தன் ஊர் எந்தப் பிரிவில் விழுந்தது, வேறு எங்கே போனால் பரிசோதித்துக்கொள்ளலாம் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டதா என்ற கேள்விக்கு ஆய்வாளர்களின் பதில் போதவில்லை.

அந்த 254 பேருக்குப் பிறகாவது அரசாங்கங்கள் வேகமெடுத்தனவா? தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட முந்திக்கொண்டது உண்மை. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை முன்னோட்டமாக நடத்தினார்கள். 2012-ல் அது மாநிலம் முழுக்க விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் அயோடின் கரைசல் தடவுவார்கள். நல்ல திசு கரும்பழுப்பாகும், மாறிய திசு கடுகு மஞ்சளாக நிற்கும். மத்திய அரசு 2016-ல் 30 வயது கடந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பரிசோதிக்க வழிகாட்டுதல் வெளியிட்டது.

பிறகு வந்தது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், “எப்போதாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா?” என்று கேட்டார்கள். இந்திய அளவில் ஆம் என்றவர்கள் 1.9 சதவிகிதம். மார்பகப் பரிசோதனைக்கு 0.9. தமிழ்நாட்டில் கர்ப்பப்பை வாய்க்கு 9.8, மார்பகத்துக்கு 5.6. பெரிய மாநிலங்களில் நாம்தான் முதலிடம் என்று மார்தட்டலாம். பத்தில் ஒன்பது பேருக்கு நடக்கவில்லை என்றும் படிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டச் சொல்லும் இலக்கு 70 சதவிகிதம். 35 வயதில் ஒருமுறை, 45 வயதில் ஒருமுறை.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஒரு விஷயத்தை நிரூபித்தது: சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முடியும், அதைச் செய்ய அதே ஊர்ப் பெண்கள் போதும். மகளிர் குழுக்களில் இருந்து வந்த தன்னார்வலர்கள் அவர்கள். இந்த அமைப்பின் மேலேயே புற்றுநோய்ப் பரிசோதனையை ஏற்றும் முயற்சி 2023-ல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் ஆரம்பமானது. வீட்டுக்கு அழைப்பிதழ் போகிறது, பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். பிரஷர் பார்ப்பது வேறு, இது வேறு என்பது தன்னார்வலர்களுக்குத் தெரியும். கையை நீட்டச் சொல்லும் உரிமை முதல் நாளே கிடைத்துவிடும். மற்றதைப் பேச மாதக்கணக்கில் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஊக்கத்தொகைப் பட்டியலில் இடமில்லை என்பது வேறு சங்கடம்.

மார்பகப் புற்றுநோய் இப்போது இந்தியப் பெண்களிடையே முதலிடத்தில் இருக்கிறது. சென்னையில் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றை முந்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. இங்கேயும் கிராமத்துக்கெல்லாம் மேமோகிராம் மெஷினைக் கொண்டுபோக முடியாது. மும்பை ஆய்வில் அதே பத்தாம் வகுப்புப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்துச் செய்த மார்பகப் பரிசோதனையின் பலனையும் 20 ஆண்டுகள் கண்காணித்து, 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மரணம் 30 சதவிகிதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடையே பலன் தெரியவில்லை. ஆகவே முப்பது வயதில் இருந்தே எல்லாருக்கும் எல்லாம் என்று முழங்குவதைவிட, ஐம்பது கடந்தவர்களை விடாமல் பிடிப்பது மார்பகத்தைப் பொறுத்தவரை புத்திசாலித்தனம்.

கருவிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. கிரையோதெரபிக்கு வேண்டிய கனமான கேஸ் சிலிண்டரை இனி ஜீப்பில் ஏற்ற வேண்டியதில்லை. பேட்டரியில் இயங்கும், கையில் பிடிக்கக்கூடிய வெப்பக் கருவி ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடிக்கிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஹெச்.பி.வி. பரிசோதனையை முதன்மையாக்கியது. இதில் பெண் தானே ஒரு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். யார் முன்னாலும் படுக்க வேண்டாம், ஆம்பள டாக்டரா என்று தயங்க வேண்டாம், கூலியும் போகாது. வாசலில் கேட்ட பாதி மறுப்புகளுக்கு இதில் விடை இருக்கிறது. மீதி சிக்கல் பழையதுதான்: மாதிரி ஆய்வகம் போய் முடிவு வரும்வரை அவளைத் தொடர்பில் வைத்திருப்பது. தடுப்பூசியும் வந்துவிட்டது. சிக்கிம் 2018-லேயே பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டது. சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023-ல் சந்தைக்கு வந்தது. ஆனால் ஊசி இன்றைய சிறுமிகளுக்கு. அவர்களுடைய அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் பரிசோதனையை விட்டால் வேறு வழி இன்றைக்கு இல்லை.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு வி.ஐ.ஏ. பரிசோதனை இலவசம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போக வேண்டும். மொத்தமே பத்து நிமிட வேலை. லேசான எரிச்சல் இருக்கலாம், வலி பெரிதாக இருக்காது. வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். எங்கே, என்றைக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உடலுறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருப்பவர்கள் முகாம் வரும்வரை காத்திருக்கக் கூடாது, நேராக அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போய்விடலாம். புற்றுநோய்தான் என்று உறுதியானால் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லும்.